கடைக்காரர் தரவில்லை

லாட்டே தரக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்குச் சொந்தக் கட்டடம் உண்டு, ஏழு மாடி. ஒரு கோப்பைக் காபிக்கு ஏழு மாடியா என்று வாயைப் பிளக்க வேண்டாம். முதல் மாடி பாலுக்கு, இரண்டாவது நுரைக்கு, மூன்றாவது அருங்காட்சியகத்துக்கு, நான்காவது கோப்பையின் காதுக்கு. ஆமாம், காதுக்குத்தான். அதில் ஒரு விரல் நுழைய வேண்டுமா இரண்டு விரல் நுழைய வேண்டுமா என்று ஒன்பது வருடமாக அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது மாடி அனுமதிகளுக்கு. ஆறாவதில் தலைவர். ஏழாவதில் என்ன இருக்கிறது என்று தலைவருக்கே தெரியாது, லிஃப்ட் அங்கே நிற்பதில்லை. குடிக்கிற மாதிரி காபி மட்டும் எந்த மாடியிலும் கிடையாது. தரைத்தளத்தில் ஒரு மெஷின் நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் வெதுவெதுப்பாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று ஒழுகும். அதற்கு ஆணையம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கொடுத்திருக்கிறது. மீதி இரண்டை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டால், மெஷினுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்கிறார்கள்.

அங்கே மூன்றாம் நிலைப் பரிசோதகராக வந்து சேர்ந்தவர்தான் நம் மீட்டர்காரர். அதற்கு முன் பதினாறு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி எரிவாயு மீட்டர் பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிப் படியேறக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், மேலிடம் மனமிரங்கி அவரை ஏழு மாடிக் கட்டடத்துக்கு மாற்றியது. முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த எண்ணை எழுதிவிட்டு வருகிற மனுஷன். பதினாறு வருடத்தில் ஒன்றைக் கூட்டியதில்லை, ஒன்றைக் குறைத்ததில்லை. பொய் எழுதியே பழகாத கை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆறு மாதம் பயிற்சி. நுரையின் உயரத்தை அளக்க ஒரு சின்ன ஸ்கேல், பாலின் சூட்டைப் பார்க்க ஒரு வெப்பமானி, நுரையின் மேல் வரைகிற இலைப் படத்துக்கு மேலே வைத்துப் பார்க்க ஒன்பது இதழ் போட்ட கண்ணாடித் தாள், கோப்பையைப் பத்திரப்படுத்தப் பனிக்கட்டி வைத்த பூட்டுப் பெட்டி. இதையெல்லாம் கற்றுக்கொள்ள மூன்று மாதம் போதும். மற்ற மூன்று மாதமும் ஒரே ஒரு பாடம்: குடிக்காமல் இருப்பது. ஆளுக்கொரு கோப்பையை முன்னால் வைத்துவிட்டு ஆசிரியர் வெளியே போய்விடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஒருத்தர் விரலில் ஒட்டிய நுரையைத் தன்னையறியாமல் நக்கிவிட்டார். மறுநாள் அவருடைய நாற்காலி காலி.

ஏன் குடிக்கக் கூடாது என்பதைப் பயிற்சி முடிந்த நாளில் தலைவரே வந்து விளக்கினார்.

"குடிச்சுப் பாத்து நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்றதுக்கு ரோட்ல போற ஆள் போதுமே. அதுக்கு ஆணையம் எதுக்கு? யோசிச்சுப் பாருங்க. குடிச்சுட்டா சோதனைக்கு எடுத்த மாதிரி வயித்துக்குள்ள போயிடும். வயித்துக்கு முத்திரை வெச்சு ஆவணக் கிடங்குக்கு அனுப்ப முடியுமா? முடியாது. ஏற்கெனவே ஒரு தடவை அனுப்பிப் பாத்துட்டோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். மீட்டர்காரரும் தட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்க விதிப்புத்தகத்தை வீட்டில் வைத்து இரண்டு முறை படித்துவிட்டார். நல்ல லாட்டே எப்படி இருக்கும் என்று அதில் எங்கேயும் இல்லை. நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே மழை. நான்கு கடை முடித்திருந்தார், நான்கும் தொண்ணூறைத் தாண்டின. எல்லா இடத்திலும் நுரை பதினோரு மில்லிமீட்டர், இலைக்கு ஒன்பது இதழ். கடைக்காரர்கள் தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். ஒரு கடையில் இலை கலையாமல் நிற்பதற்காகப் பாலில் ஏதோ பசையைக் கலந்திருந்தார்கள். பசை கூடாது என்று விதிப்புத்தகத்தில் இல்லை, அதனால் முழு மதிப்பெண்.

ஐந்தாவது கடை பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஒரு முட்டுச் சந்தில். இரண்டு மேசை, சுவரோரம் ஒரு நீளப் பலகை, தெருப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல், ஒரு பழைய மெஷின். கடைக்காரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் நீராவி இஸ்திரி போட்டவர். சலவைக் கூடத்தை மூடியபோது கையில் கொடுத்து அனுப்பிய பணத்தையெல்லாம் இந்த மெஷினில் போட்டிருந்தார். அவருக்கு அதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

"வாங்க சார். தொப்பலா நனைஞ்சுட்டீங்களே. ஷூவைக் கழட்டிட்டு உக்காருங்க."

"பரிசோதனைக்கு வந்திருக்கேன்."

"அது சரி. அதுக்காக ஈரக் காலோடயேவா பரிசோதிக்கணும்?"

விதிப்புத்தகத்தில் காலணியைப் பற்றி ஒன்றும் இல்லை. கழற்றினார்.

கடைக்காரம்மா பாலை ஜக்கில் ஊற்றி நீராவிக் குழாயை உள்ளே விட்டார். முதலில் துணி கிழிகிற மாதிரி சத்தம். அவர் வெப்பமானி எதையும் பார்க்கவில்லை. ஜக்கின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கிழிகிற சத்தம் மெல்ல அடங்கி, பால் தனக்குள்ளே முனகுகிற நேரத்தில் டக்கென்று மூடினார். ஜக்கை இரண்டு தட்டுத் தட்டி, சுழற்றி, மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய காபியின் மேல் ஊற்றினார். இலைக்கு நாலே நாலு இதழ் வந்தது, அதிலும் ஒன்று சாய்ந்துகொண்டது.

"இலை கொஞ்சம் சாஞ்சிருச்சு சார். குடிக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் குடிக்க மாட்டேன்."

"ஏன் சார், பால் ஒத்துக்காதா?"

"விதி."

"அய்யோ பாவம்," என்றார் கடைக்காரம்மா, நிஜமாகவே. பிறகு அவருடைய ஷூவுக்குள் திணிக்கப் பழைய பேப்பர் எடுத்து வர உள்ளே போனார்.

மீட்டர்காரர் பையைத் திறந்தார். வெப்பமானி மழையில் நனைந்து செத்துக் கிடந்தது. அதை உதறினார், ஊதினார், சட்டையில் துடைத்தார். உயிர் வரவில்லை. விரல்கள் விறைத்திருந்தன. சும்மா ஒரு சூட்டுக்காகக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். நம்புங்கள், சூட்டுக்காக மட்டும்தான். ஆவி முகத்தில் பட்டது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். உதடு தாங்குகிற அளவான சூடு. சர்க்கரை போடாமலே பாலுக்கு ஒரு தித்திப்பு. அதற்குக் கீழே காபியின் கசப்பு, மறைந்தும் போகாமல், மிரட்டவும் செய்யாமல். நுரை வாயில் நுரையாகவே தெரியவில்லை, பாலே கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. ஒரு வாய் என்று ஆரம்பித்தவருக்கு, கோப்பையின் அடிப்பக்கம் கண்ணில் பட்ட பிறகுதான் தன் பெயர், பதவி, குடிக்கக் கூடாதென்ற விதி எண் பதினான்கு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

கடைக்காரம்மா திரும்பி வந்து காலிக் கோப்பையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மூக்கு நுனியில நுரை இருக்கு சார்."

மீட்டர்காரர் சட்டென்று எழுந்தார். மூக்கைத் துடைத்தார், பையையும் ஷூவையும் கையில் எடுத்துக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லாமல் மழையில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். மாதிரி கைவசம் உள்ளதா? இல்லை. இல்லையெனில் காரணம் என்ன? இரண்டே கட்டம். முதல் கட்டம்: பரிசோதகர் சிந்திவிட்டார். அதில் குறி போட்டால் மூன்று விசாரணை, இரண்டு வருடத்துக்கு ஊதிய உயர்வு கிடையாது, தவிர நுரை மாடியில் பகிரங்க மன்னிப்பு. இரண்டாவது கட்டம்: கடைக்காரர் தரவில்லை. குடித்துவிட்டேன் என்பதற்குக் கட்டமே இல்லை. அப்படி ஒரு கட்டம் வைத்தால் குடிக்கலாம் என்று ஆகிவிடுமே என்று ஆணையம் அதை வைக்கவில்லை.

பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ரொம்ப நேரம் நின்றது. அடுத்த மாதம் திரும்பி வந்து நல்லபடியாக எழுதிச் சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக முள் நிற்காத இடத்தில் குறி போட்டார். இரண்டாவது கட்டம்.

மூன்றாம் நாள் கடைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். மாதிரி தர மறுத்த குற்றம். முப்பது நாளுக்குள் விசாரணையில் தப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் மெஷின் மூன்றாவது மாடி அருங்காட்சியகத்துக்கு. இதையெல்லாம் மீட்டர்காரருக்குச் சொன்னவர் அவருடைய பிரிவு அலுவலர்தான், முதுகில் தட்டிக்கொண்டே சொன்னார்.

"சபாஷ் மீட்டர்! பதினோரு வருஷத்துல இதுதான் முதல் மறுப்பு வழக்கு. தலைவருக்கு ஒரே குஷி. இத்தனை நாளா ஊர்ல ஒருத்தனும் நம்மளை எதுக்கவே மாட்டேங்கறானே, நாம இருக்கோமா இல்லையான்னே சந்தேகமா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு."

"சார், மறு பரிசோதனை ஒண்ணு..."

"அதெல்லாம் தேவையில்ல. உங்க கைல பொய் வராதுன்னு மீட்டர் ஆபீஸ்லயே சான்றிதழ் குடுத்திருக்காங்களே, ஃபைல்ல முதல் பக்கமே அதான்."

அன்று மாலைக்குள் அவருக்குக் கை வைத்த நாற்காலி வந்தது. மறுநாள் சட்டையில் குத்த ஒரு வில்லை வந்தது. அதற்கு மறுநாள், புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்களுக்கு 'நேர்மை' என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று ஓலை வந்தது. பேசினார். என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது. பேசும்போதெல்லாம் மூக்கு நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது பெரிய மனிதர்களின் பழக்கம் என்று எண்ணி இரண்டு பயிற்சியாளர்கள் தாங்களும் தொட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு மனைவி கேட்டார், இவர் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"முழுசும் குடிச்சியா?"

"ம்."

"கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். நான் போட்டுக் குடுத்த எதையாவது கடைசி வரைக்கும் குடிச்சிருக்கியா? பாதி கப்பை வெச்சுட்டுப் பேப்பர்ல மூஞ்சியைப் புதைச்சுக்குவே."

"இப்ப அதுவா முக்கியம்?"

"அதுவும் முக்கியந்தான். போகட்டும். அந்தம்மா வாயில மண்ணு போட்டது யாரு? மழையா, படிவமா?"

"நான்தான்."

"தெரியுதுல்ல. அப்புறம் என்னை எதுக்குப் பாக்கற? போய் அங்க சொல்லு."

போனார். ஆறாவது மாடி வாசல் வரை இரண்டு முறை போனார். இரண்டு முறையும் கதவு திறந்தது, தலைவர் சிரித்தார், இவர் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அவருக்கே தன்னைக் கண்டால் ஆகவில்லை.

இருபத்தெட்டாம் நாள் விசாரணை. நடைபாதை பெஞ்சில் கடைக்காரம்மா இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையில் உட்கார்ந்திருந்தார். மீட்டர்காரரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்துவிட்டார்.

"அண்ணே! நீங்க இருக்கீங்களா, அப்பாடா! யாரோ உள்ள ஒக்காந்திருக்கறவன் தப்பா எழுதிட்டான் போல, நான் குடுக்கவே இல்லையாம். நீங்க வழிச்சு வெச்ச மாதிரி குடிச்சுட்டுத்தானே போனீங்க?"

"ஆமாம்மா," என்றார் மீட்டர்காரர்.

கடைக்காரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குடுத்தேன்னு மட்டும் சொல்லுங்கண்ணே, போதும். குடிச்சதைச் சொல்லாதீங்க, உங்களுக்கு விதி இருக்குல்ல. நானும் சொல்ல மாட்டேன். நீங்க நல்ல மனுஷன், உங்க வேலைக்கு என்னால ஒண்ணும் வந்துடக் கூடாது."

ஒரு அறை விட்டிருந்தால்கூட மீட்டர்காரருக்கு அவ்வளவு வலித்திருக்காது. தலையை மட்டும் ஆட்டினார்.

விசாரணைக் கூடத்தில் ஏழு பேர். தலைவரும், ஆறு பிரிவுகளின் தலைமை அலுவலர்களும். முதலில் மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஒன்றும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். என்றாலும் பூட்டைத் திறந்து, ஒன்றும் இல்லாததை ஒவ்வொருவரும் குனிந்து பார்த்து, பார்த்ததற்குக் கையெழுத்துப் போட்டார்கள். காது மாடி அலுவலர் மட்டும் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இரண்டாம் தடவை பார்த்தார்.

"மாதிரி தர மறுத்தீங்களாமே?" என்றார் தலைவர்.

"இல்லைங்கய்யா, குடுத்தேன்."

"குடுத்திருந்தா எங்கம்மா அது?"

கடைக்காரம்மா வாயைத் திறந்தார். ஒரு கணம் மீட்டர்காரர் பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "தெரியலைங்க."

"தெரியலையாம். எழுதிக்கங்க."

"ஐயா, இப்பவே வேணும்னாலும் ஒண்ணு போட்டுத் தரேன். மெஷினைத்தான் சாட்சிப் பொருள்னு தூக்கிட்டு வந்துட்டீங்களே, அதோ அங்க நிக்குது. குடிச்சுப் பாருங்க, எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. நுரை மாடி அலுவலர் காதைப் பொத்திக்கொண்டார். தலைவர் மேசையைத் தட்டினார்.

"குடிச்சுப் பாக்கறதா? இங்க பாரும்மா. எனக்குப் பால் ஒத்துக்காது. சின்ன வயசுலேருந்தே. அதனாலதான் என்னை இந்தப் பதவியில உக்கார வெச்சிருக்காங்க. லாட்டே பிடிச்சவன் வந்து உக்காந்தா பாரபட்சம் வந்துடாதா? இந்த ஏழு பேர்ல ஒருத்தர்கூடப் பதினோரு வருஷமா ஒரு சொட்டு நாக்குல வெச்சதில்ல. அந்தச் சுத்தம்தான் இந்த ஆணையத்தோட மூச்சு."

"அப்ப நல்லாருக்கா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?"

"அது எங்க வேலை இல்ல," என்றார் தலைவர், பெருந்தன்மையாக.

மீட்டர்காரரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார்கள். "தரவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி இருக்கும், வில்லை இருக்கும். "தந்தார்" என்று மட்டும் சொல்லி அந்த அம்மா காட்டிய சந்துவழியே நழுவிவிடவும் பார்க்கலாம். அவர் நிமிர்ந்து கடைக்காரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா, தைரியமா இருங்க என்பது போல் இவருக்குத் தலையசைத்தார். அதுதான் அவரை உடைத்தது.

"அவங்க குடுத்தாங்க. நான்தான் குடிச்சிட்டேன். குடுக்கலன்னு எழுதினதும் நான்தான். உள்ள ஒக்காந்திருக்கற யாரும் எழுதல. நான்."

கடைக்காரம்மா மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். மீட்டர்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முகம் இல்லை.

"எவ்வளவு குடிச்சீங்க?" என்றார் தலைவர், இழவு விசாரிக்கிற குரலில்.

"முழுசும்."

"எதுக்கு?"

"நல்லா இருந்துச்சு சார்."

எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "நல்லான்னா எத்தனை சார்? எந்த அலகுல போடணும்?"

அதற்கு இருபது நிமிஷம் விவாதம் நடந்தது. பால் மாடி டிகிரியில் போடச் சொன்னது, நுரை மாடி மில்லிமீட்டரில் போடச் சொன்னது. கடைசியில் அந்த இடத்தைக் காலியாக விடுவதென்று ஒருமனதாக முடிவானது. பிறகு தலைவர் எழுந்தார்.

"ஆறு மாசம் பயிற்சி குடுத்த ஒரு பரிசோதகர். நேர்மையைப் பத்திப் பேசினவர். அவரையே குடிக்க வெச்சிருக்குன்னா இது சாதாரண வஸ்து இல்ல. மறுப்புக் குற்றத்தை விட்டுடலாம். ஆனா அதிகாரியைக் கவர்ந்த குற்றம்? நாளைக்கு ஊர்ல எல்லாரும் இந்த மாதிரி போட ஆரம்பிச்சுட்டா எங்க பரிசோதகர்கள் எல்லாம் குடிச்சுட்டே திரிவாங்க. மாதிரியே மிஞ்சாது. மாதிரி இல்லன்னா ஆணையம் எதுக்குன்னு ஒருத்தன் கேப்பான்."

மீட்டர்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பொய் சொன்னபோது கடைக்கு ஒரு குற்றம் வந்தது, உண்மையைச் சொன்னதும் அதைவிடப் பெரியதாக இன்னொன்று வந்து சேர்ந்தது.

கவர்ச்சி எத்தகையது என்று நேரில் ஆராய உத்தரவானது. மெஷினுக்கு மின்சாரம் கொடுக்க ஐந்தாவது மாடி நாற்பது நிமிஷத்தில் அனுமதி தந்தது, அது ஒரு சாதனை என்று குறித்துக்கொண்டார்கள். கடைக்காரம்மா யாரையும் பார்க்காமல் போய் நின்றார். குழாய் சீறியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், மூடினார், தட்டினார், சுழற்றினார், ஊற்றினார். அன்று போட்டதைப் போலவேதான் போட்டார், கோபத்தில் ஒரு சொட்டுக்கூடக் கெடுக்கவில்லை. இலை மறுபடியும் சாய்ந்திருந்தது. வாசனை கூடம் முழுக்கப் பரவியது. காது மாடி அலுவலர் இரண்டு முறை எச்சில் விழுங்கினார்.

"ஆணையம் தனிமையில் ஆராயும். எல்லாரும் வெளிய போங்க," என்றார் தலைவர்.

கதவு சாத்தப்பட்டது. பத்து நிமிஷம் கழித்துத் திறந்தது. ஏழு பேரும் ஏழு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை நடுவில் கோப்பை பளிச்சென்று இருந்தது, கழுவி வைத்தாற்போல. தலைவர் மீசையில் வெள்ளையாக ஒரு கோடு. பால் ஒத்துக்காத வயிறு அந்த அமைதியில் கடமுட என்று உருண்டது. அவர் இருமி அதை மறைத்தார்.

நடந்ததைப் பதிவு செய்தாக வேண்டும். படிவம் வந்தது. மாதிரி கைவசம் உள்ளதா? இல்லை. காரணம்? இரண்டே கட்டம். படிவம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொருவரும் முதல் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு இரண்டாவதில் கையெழுத்துப் போட்டார்கள். கடைக்காரர் தரவில்லை. ஏழு கையெழுத்து. எட்டாவது, சாட்சி என்ற முறையில் மீட்டர்காரருடையது.

பேனாவை வாங்கினார். இந்த முறை பேனா நடுவில் நிற்கவில்லை. கட்டங்களை விட்டுவிட்டு, எதுவும் எழுதக் கூடாத ஓரத்தில், மீட்டர் எண் எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: 'கடைக்காரர் தந்தார். இரண்டு தடவையும் தந்தார். நாங்கள்தான் குடித்தோம்.'

"அடப்பாவி மனுஷா! ஓரத்துல எழுதிட்டீங்களே!" என்று அலறினார் தலைவர். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படிக்கவே இல்லை. "ஓரத்துல எழுத்து இருந்தா படிவம் செல்லாது! படிவம் செல்லலன்னா ஃபைல் செல்லாது! ஃபைல் செல்லலன்னா..."

மிச்சத்தைச் சொல்ல விடாமல் வயிறு மறுபடி உருண்டது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எங்கேயோ அவசரமாகப் போனார்.

ஃபைல் செல்லாததால் முத்திரையும் செல்லாது. ஆனால் செல்லாத முத்திரையைப் பிரிக்க, அதை வைக்கச் சொன்ன உத்தரவின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். உத்தரவே செல்லாதபோது எண் எங்கே இருந்து வரும்? ஆகவே கதவில் முத்திரை அப்படியே இருக்கிறது. ஃபைல் இல்லாமல் மெஷினையும் வைத்துக்கொள்ள முடியாது என்று அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறக்கக் கூடாதே, அதனால் நாலு பேர் சேர்ந்து ஜன்னல் வழியாக இறக்கிவிட்டுப் போனார்கள். மறுநாள் முதல் கடைக்காரம்மா, ஓர் ஆள் மட்டும் நுழைகிற பின்பக்க வழியாக உள்ளே போய், ஜன்னலைத் திறந்து வியாபாரத்தை ஆரம்பித்தார். மீட்டர்காரருக்குப் பணி இடைநீக்கம். பொய் எழுதியதற்கும் இல்லை, குடித்ததற்கும் இல்லை. ஓரத்தில் எழுதியதற்கு.

பதினோரு நாள் அவர் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. டிப்போவைத் தாண்டிப் போகிற பஸ்ஸில்கூட ஏறவில்லை. பன்னிரண்டாம் நாள் மனைவி குடையைக் கையில் கொடுத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லை, போனார்.

ஜன்னலுக்கு முன்னால் நல்ல கூட்டம். பஸ் டிரைவர்கள், கண்டக்டர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தவர்கள். வரிசையில் பிரிவு அலுவலரும் இருந்தார், தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டுக்கொண்டு. சந்து முனையில் ஆணையத்தின் கார் நின்றது. அதன் டிரைவர், வீட்டில் ஒரு நோயாளிக்கு என்று சொல்லி ஃபிளாஸ்க்கை நீட்டிக்கொண்டிருந்தார். மீட்டர்காரர் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றார். இவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, கடைசி ஆளாக ஜன்னலுக்கு வந்தார்.

"அம்மா, நான்..."

"லாட்டேதானே சார்?"

அண்ணே இல்லை, சார்.

கடைக்காரம்மா போட்டார். கோப்பையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, கீழேயிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து ஜன்னல் கட்டையில் விரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தேதி, அதற்கு எதிரே 'கடைக்காரர் தந்தார்', அதற்கு எதிரே கையெழுத்துக்கு இடம். பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது. அட்டையின் மூலை மடிந்திருந்ததைப் பார்த்தால் ரொம்ப நாளாகக் கைக்கெட்டிய இடத்தில் வைத்துக் காத்திருந்தது போலிருந்தது.

"எல்லாரும் போடணுமாம்மா?"

"இல்ல சார். நீங்க மட்டும்."

பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரிவு அலுவலர் தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். மீட்டர்காரர் கையெழுத்துப் போட்டார். கடைக்காரம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கோப்பையை நகர்த்தினார்.

அங்கேயே நின்று குடித்தார். அதே சூடு, அதே தித்திப்பு, அதே கசப்பு. கண் கலங்கிவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் ஓடிப்போனதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

கடைக்காரம்மா துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். நோட்டை மறுபடியும் இவர் பக்கம் தள்ளினார்.

"அதையும் எழுதுங்க சார்."

"இதுல அதுக்கு இடமே இல்லையேம்மா."

"ஓரத்துல எழுதுங்க. உங்களுக்குத்தான் அது பழக்கமாச்சே."

எழுதினார்.